முப்பத்தாறாவது படம்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப வேண்டாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மூன்றே முக்கால் மணிக்கு. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. குறைத்தும் சொல்லவில்லை. குறைத்துச் சொல்ல முடிந்திருந்தால் என் மானமாவது மிஞ்சியிருக்கும்.

நான் கல்யாண போட்டோகிராபர். கலர் பிலிம் ஓடிக்கொண்டிருந்த காலம். அந்தக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு பெண்ணின் அம்மா ஸ்டூடியோவுக்கே வந்தார்.

"தம்பி, நல்ல பிலிமா, புதுசாப் போடுங்க. கலரு மங்காம நிக்கணும்."

"இதை நீங்க சொல்லணுமாம்மா?" என்றேன் பெரிய மனுஷன் மாதிரி.

கல்யாணத்தன்று என் பையில் இரண்டு விதமான பிலிம் இருந்தது. ஒன்று புத்தம் புதுசு. நிறம் கண்ணைப் பறிக்கும். ஆனால் வெளிச்சம் நிறைய கேட்கும், ஸ்டாண்டு லைட்டுகளை மாடி மண்டபத்துக்குத் தூக்க வேண்டும். இன்னொன்றுக்குக் குறைந்த வெளிச்சமே போதும். ஆனால் தேதி முடிந்து ஒன்பது மாதம். வெயில் காலம் முழுக்க பீரோ மேல் வெந்து கிடந்தது.

படிக்கட்டைப் பார்த்தேன். லைட்டைப் பார்த்தேன். பழையதைப் போட்டேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

பத்து நாள் கழித்து நெகட்டிவைக் கொடுத்த லேப்காரர் சிரித்தார். "என்னண்ணே, பிலிமைத் துவைச்சுக் காயப்போட்டீங்களா?"

அந்த அம்மா மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் "லேப்ல லேட்டும்மா" என்றேன். எது தேறும், எதற்கெல்லாம் லேப் மேல் பழி போடலாம் என்று பார்க்கத்தான் அன்று ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டுப் பின்னறைக்குள் போனேன்.

மணி 3.45. அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசையில் நெகட்டிவ்களை விரித்து, லென்ஸை வைத்துக் குனிந்தேன்.

நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். கறுப்பு முடி வெளுத்துத் தெரியும். சிவப்புத் துணி பச்சையும் நீலமுமாகத் தெரியும். கடைசி ரோலில் நான்காவது, குடும்பப் படம். பதினோரு பேரை நான்தான் நிற்க வைத்தேன். எண்ணினேன்.

பன்னிரண்டு.

பின்னால், தூண் ஓரமாக ஒரு பெண். இருபத்தைந்து வயதிருக்கும். அவளுக்கு மட்டும் முடி கறுப்பு. முகம் மாநிறம். உடுப்பு சிவப்பு. நேரில் பார்ப்பது போலவே... நெகட்டிவில்!

பிலிம் கெட்டுப்போனதால் என்று சொல்லிக்கொண்டேன். பிலிம் கெட்டால் நிறம் போகும். ஆள் எப்படி வரும்?

பதினொன்றாவது படம். தூணை விட்டு வந்திருந்தாள்.

இருபத்தெட்டாவது. கல்யாணப் பெண்ணின் தோளுக்குப் பின்னால். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவள் பெண்ணையே பார்க்கிறாள்.

டிக்... டியூப்லைட் ஒருமுறை துடித்தது.

முப்பத்து மூன்று. இப்போது என்னைப் பார்த்தாள்.

முப்பத்தாறு கல்யாணத்தில் எடுத்ததல்ல. ரோலை முடிக்க, மறுநாள் காலை இதே பின்னறையில் சும்மா தட்டியது. காலி நாற்காலி மட்டும்தான்.

மணி 3.52.

நாற்காலி காலியாக இல்லை.

அந்த நாற்காலி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

கிறீச்...

திரும்பவில்லை.

கிறீச்...

முன்னறையில் போன் அடித்தது. எப்படி ஓடினேன் என்று தெரியாது. நெகட்டிவ்கள் கையோடு வந்திருந்தன.

"தம்பி, இன்னிக்காவது வந்துச்சா?"

"வந்துடுச்சும்மா. இப்பவே கொண்டு வரேன்." என் வாய்தான் சொன்னது. நான் சொல்லவில்லை.

அவர்கள் வீட்டில் கல்யாணப் பெண்ணும் இருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே கொட்டிவிட்டேன். "லேப் மேல தப்பில்லம்மா. பழைய பிலிமைப் போட்டேன். லைட்டு தூக்க சோம்பல். உங்ககிட்ட சொன்னதெல்லாம் பொய்."

பெண் கோபப்படவில்லை. "எங்க கல்யாணம் திரும்ப வருமாண்ணே?" என்றாள். அறைந்திருந்தால் தேவலை.

அம்மா நெகட்டிவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இருபத்தெட்டாவது படத்தில் கை நின்றது.

"அது... யாரும்மா?" என்றேன்.

"என் மூத்தவ. படிக்கட்டுல விழுந்தப்போ புருவத்துல பட்ட வெட்டு, அப்படியே இருக்கு பாருங்க." விரலால் தடவினார். "எவ்ளோ வளர்ந்துட்டா..."

நெகட்டிவோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெண் தெரு வரைக்கும் வந்தாள்.

"அக்காவ நான் பார்த்ததே இல்லண்ணே. நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டா."

"என்ன வயசுல?"

"நாலு வயசுல."