காலியாகத் திரும்பிய கேரியர்

இது கட்டுக்கதை இல்லை. எனக்கே நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். யாரிடமாவது சொல்லித் தொலைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்காது, அதனால் சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். கற்பனைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். நான் கண்டதெல்லாம் வெளிச்சத்தில்தான். ஒவ்வொன்றுக்கும் மணி குறித்து வைத்திருக்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் இருபத்தாறு வீடுகள். எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. ஒரே மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் வீட்டுக்காரிகளும்தான் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் அங்கே டிரைவராக இருந்தவர். அறுபதுக்குக் கீழே இங்கே ஆளே கிடையாது. இருமலை வைத்தே தெருவில் போவது யார் என்று சொல்லிவிடலாம்.

இங்கே இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, முறைச் சாப்பாடு. ஒரு வீட்டில் யாராவது படுத்த படுக்கையாகிவிட்டால், நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்து மதியச் சாப்பாடு அனுப்புவோம். இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். இரண்டாவது, நினைவுப் பக்கம். யாராவது இறந்துவிட்டால் அவர் வாழ்க்கையை ஒரே ஒரு பக்கத்தில் டைப் செய்து பொது அறையின் கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் கூடுவார்கள். நான் படிப்பேன். இதுவரை பத்தொன்பது பேருக்குப் படித்திருக்கிறேன்.

குடும்பத்தார் சொல்வார்கள், நான் போனில் பதிவு செய்துகொண்டு வந்து டைப் செய்வேன். அவர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். சொன்னதைச் சொன்னபடி அடிப்பதுதான் என் தொழில். குறுக்கே ஒரு கேள்வி கேட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அந்தப் பெருமையில் மண்ணைப் போட.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் நம்பர் வீட்டில், மில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர் சாரின் வீட்டம்மா இறந்துபோனார். ஆறு வருடப் படுக்கை. ஒரு பக்கக் கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆளைப் பார்த்தால் அவளுக்குப் படபடப்பு வருகிறது, யாரும் வரவேண்டாம் என்று ஸ்டோர் சார் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். எங்களுக்கும் அது வசதியாகத்தான் போயிற்று. அந்த வாசலில் நின்றாலே ஒரு நாற்றம் வரும். கேரியரை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடுவோம். சாயங்காலம் கழுவித் துடைத்துத் திரும்பி வரும். ஒரு பருக்கை மிச்சம் இருக்காது. நல்லாச் சாப்பிடறாங்க பாவம் என்று பேசிக்கொள்வோம்.

வியாழக்கிழமை காலை 11:05-க்கு அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் அந்த அம்மாவின் கட்டில் வெறும் பலகையாகக் கிடந்தது. நாற்றம் அப்படியே இருந்தது. மூத்திரமும் பழைய எண்ணெயும் ஊறிய துணி நாற்றம். ஸ்டோர் சார் வாழைப்பழம் உரித்துச் சாப்பிட்டுக்கொண்டே பேசினார். நான்கு பழம். விரல் ஒவ்வொன்றாகச் சூப்பினார். பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டேன்.

முப்பத்தெட்டு நிமிடம் பேசினார். மனைவியைப் பற்றி நான்கு நிமிடம் இருந்தால் அதிகம். மீதி எல்லாம் முறைச் சாப்பாடுதான். எந்த வீட்டில் உப்பு ஜாஸ்தி, எந்த வீட்டில் முட்டை வைப்பார்கள், யார் கஞ்சத்தனமாகக் கரண்டி போடுவார்கள் என்று ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருந்தார். அந்த அம்மா கல்யாணத்துக்கு முன்னால் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தார் என்பதை மட்டும் போகிற போக்கில் சொன்னார்.

கடைசியாக, "ஆறு வருஷம் மேடம். என் கையாலதான் ஊட்டினேன். அத மட்டும் மறக்காம போடுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் 2:40. ஹெட்போனை மாட்டிக்கொண்டு டைப் செய்ய உட்கார்ந்தேன். பதினோராவது நிமிடத்தில் அவர் குரலுக்கு அடியில் ஒரு சத்தம்.

சப்... சப்... சப்...

வாழைப்பழம் தின்கிறார், வேறென்ன என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவர் பேசிக்கொண்டிருக்கிறார். அதே நேரத்தில் ஒரு வாய் மெல்லுகிறது. ஒரே வாய் இரண்டு வேலை செய்யுமா? திரும்ப ஓட்டிக் கேட்டேன். அவர் குரல் தள்ளி இருந்தது. மெல்லும் சத்தம் போனை ஒட்டி இருந்தது. ஈரமாக, நிதானமாக, கடைவாய்க்குள் எதையோ புரட்டிப் புரட்டி.

மென்றுகொண்டே இருந்தது. ஒரு தடவைகூட விழுங்கவில்லை.

எப்படியோ முடித்தேன். ஸ்டோர் சார் எண்ணெய் விரலோடு கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் 6:05-க்குப் பலகைக்குள் ஒட்டிப் பூட்டினேன். சாவி ஒன்றுதான். அது என்னிடம்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலை 7:20. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி போன் செய்தார்.

"அக்கா, பேப்பர எலி தின்னுருக்கு. வந்து பாருங்க."

"கண்ணாடி உடைஞ்சிருக்கா?"

"இல்லக்கா. பூட்டு பூட்டினபடியே இருக்கு."

போய்ப் பார்த்தேன். பக்கம் முழுசாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் இல்லை. 'ஆறு வருடங்களும் தன் கையாலேயே ஊட்டினார்' என்ற வரி. அந்த இடத்தில் நீளமாக ஓட்டை. ஓரமெல்லாம் நனைந்து சுருங்கியிருந்தது. பலகையின் அடிக்கட்டையில் சாம்பல் நிறத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை. மென்ற பேப்பர் என்று நினைத்து எடுத்தேன். பேப்பர் இல்லை. பஞ்சு. அழுக்குப் பஞ்சு. விரலைப் பிரித்தால் எச்சில் நூல் நூலாக வந்தது.

இளஞ்சூடாக இருந்தது.

வெந்நீரில் மூன்று தடவை கை கழுவினேன். நாற்றம் போகவில்லை. ஒன்பதாம் நம்பர் வாசலில் ஆறு வருடம் நான் மூக்கைப் பொத்திக்கொண்ட அதே நாற்றம்.

"யாரோ விளையாடறாங்க. நீ வேற அடிச்சு ஒட்டு" என்றார் என் வீட்டுக்காரர்.

10:15-க்குப் புதுப் பக்கம் ஒட்டினேன். நானும் செக்ரட்டரியும் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். 10:50-க்கு வாசலில் தபால்காரர் மணி அடித்தார். இரண்டு பேரும் ஒரு நொடி திரும்பினோம், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் அந்த வரி இல்லை. கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது... யாரோ வாயை வைத்து மூச்சு விட்டதுபோல. செக்ரட்டரி எழுந்து போனவர்தான். அன்று முழுக்க அவர் வெளியே வரவில்லை.

மதியம் 3:10. பதிவில் நான் எதையாவது தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று மறுபடி ஹெட்போனை மாட்டினேன். என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் நல்ல வெயில்.

ஸ்டோர் சார் குரல் இல்லை.

ஒரு வார்த்தைகூட இல்லை. ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டு நிமிடமும் அதே சத்தம்தான்.

சப்... சப்...

கடைசி நிமிடத்தில் நின்றது.

மூச்சு வாங்கியது.

பிறகு மறுபடி ஆரம்பித்தது... இந்தத் தடவை போனுக்குள் இல்லை.

என் இடது காதில்.

ஈரம் வழிந்தது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். அலறினேன் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை. அவர் ஓடிவந்து அதை எடுத்துப் பார்த்தார். வலது பக்கம் பஞ்சு வைத்த உறை அப்படியே இருந்தது. இடது பக்கம் வெறும் பிளாஸ்டிக். பஞ்சை நக்கித் துடைத்த மாதிரி இருந்தது. என் காது மடலில் எச்சில்.

பிறகு ஒரு துண்டை நனைத்துக் கொண்டுவந்து என் காதைத் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. இருபத்தாறு வீடும் வந்திருந்தது. ஸ்டோர் சார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், மடியில் பிஸ்கட் தட்டு. மற்றவர்களுக்காக வைத்திருந்த தட்டு அது. என் கையில் மூன்றாவது முறையாக அடித்த பக்கம். படிக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்ட பக்கத்தை மாற்றிப் படித்துப் பழக்கம் இல்லை எனக்கு. பழக்கம்! செருப்பால் அடிக்கவேண்டும் என்னை.

படித்தேன். டெலிபோன் ஆபீஸ் வந்தது. கல்யாணம் வந்தது. அந்த வரி வந்தது.

"ஆறு வருடங்களும் தன் கையா..."

வாய்க்குள் ஏதோ இருந்தது.

நாக்கை அசைக்க முடியவில்லை. நாக்குக்கு மேலே... கன்னத்துக்குள்ளே... நிறைந்துகொண்டே வந்தது. மூத்திர ருசி. என் தாடை தானாக மென்றது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. விழுங்கவும் முடியவில்லை.

துப்பினேன்.

மேசை மேல் விழுந்தது. சாம்பல் நிறப் பஞ்சு, ஒரு கைப்பிடி. எல்லோரும் பார்த்தார்கள். இருபத்தாறு வீடும் சாட்சி. அப்போது மணி 5:12.

வாயைத் துடைத்துக்கொண்டேன். டைப் அடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாகக் குறுக்குக் கேள்வி கேட்டேன்.

"சார், கடைசியா அவங்க எப்ப சாப்பிட்டாங்க?"

அவர் பிஸ்கட்டை விழுங்கினார். கோபம்கூட வரவில்லை அவருக்கு.

"அவ மெல்ல ரொம்ப நேரமாகும் மேடம். ஒரு வாய்க்கு அரை மணி. அதுக்குள்ள ஆறிப்போயிடும். அவளுக்கு ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணி ஊத்திடுவேன். நீங்கல்லாம் ஆசையா செஞ்சு அனுப்பறது வீணாகலாமா? அதான் நானே..."

சொல்லிவிட்டு அடுத்த பிஸ்கட்டை எடுத்தார்.

பின்வரிசையில், மில் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர் எழுந்து நின்றார். உடலைக் கட்டிலிலிருந்து இறக்கியவர் அவர்தான்.

"தூக்கினப்ப கனமே இல்ல. வயசாயிட்டா அப்படித்தான்னு நெனச்சேன்" என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

போலீசுக்குப் போவோமா என்று யாரோ கேட்டார்கள். அடக்கம் முடிந்தாகிவிட்டது. வயோதிகம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆறு வருடத்தில் ஒரு தடவையாவது அவள் பக்கத்தில் போய் நின்றீர்களா என்று திருப்பிக் கேட்டால் எங்களில் யாரிடம் பதில் இருக்கிறது? அந்த அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டால்கூட அங்கே பாதிப் பேர் முழித்திருப்போம். கூட்டம் 5:25-க்குக் கலைந்தது. அன்று யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை, அவரைத் தவிர.

அன்று மாலையே கையெழுத்து வாங்காமல் ஒரு பக்கம் அடித்தேன். 'ஆறு வருடம் சாப்பாடு அனுப்பினோம். அது அவருக்குப் போய்ச் சேரவில்லை. நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை.' வேறு ஒன்றும் எழுதவில்லை. அது இன்றுவரை பலகையில் அப்படியே இருக்கிறது. யாரும் கடிக்கவில்லை. சரி, முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை காலை 9:30-க்கு மெத்தைக்காரர் வந்தார். பஞ்சு அடித்து, மெத்தை தைத்துக் கொடுப்பவர். வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கம் வந்து இரண்டு வாரம் தங்கி வேலை பார்ப்பார். எங்கள் வீட்டுத் தலையணைகளைக் கட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"ஒம்பதாம் நம்பர் சார் ஒரு மெத்தை குடுத்தாரும்மா. அந்தம்மா படுத்திருந்தது. வீணாக்க வேணாம், தனக்கு ஆகும்னு புதுசா தைக்கச் சொன்னாரு."

"சரி."

"தலைப்பக்கம் உறையில பெரிய ஓட்டை. உள்ள ஒரு முழத்துக்குப் பஞ்சே இல்ல."

"எலியா?"

"எலின்னா பஞ்சு கீழ கொட்டிக் கெடக்கும்மா. இதுல ஒரு துணுக்குகூட வெளிய இல்ல. உள்ள போயிருக்கு." அவர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மூன்று பல். மனுஷப் பல். "உறையோட தையல்ல மாட்டியிருந்துச்சு. சார்கிட்ட காட்டினேன். தூக்கிப் போட்டுட்டுப் பஞ்ச நிறைய வெச்சுத் தைன்னாரு. தெச்சுக் குடுத்துட்டேன்."

கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். இன்னும் ஏதோ சொல்ல வேண்டும்போல நின்றார்.

"என்னங்க?"

"தெச்சுக் குடுத்து எட்டு நாள்தாம்மா ஆவுது. நேத்து மறுபடி கூப்பிட்டாரு. ஏமாத்திட்டேன்னு சத்தம் போடறாரு. போய்ப் பாத்தேன். தையல் பிரியல. ஓட்டையும் இல்ல. ஆனா தலைப்பக்கம் நான் அடைச்ச பஞ்சு பூரா காணோம்மா. வெறும் உறைதான் இருக்கு. அது மேலதான் அவரு தல வெச்சுத் தூங்கறாரு."