மெடிக்கல் ஃபிட்

அறந்தாங்கிப் பக்கம் யாரிடமும் உடம்பைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாது. துபாய்க்குப் போகும்முன் எடுத்த மெடிக்கலைத்தான் சொல்வார்கள். அதில் ஃபிட் என்று போட்டுவிட்டார்களாம், இனி ஆயுசுக்கும் அந்த உடம்பில் எதுவும் ஒட்டாதாம். பால்வினை நோய்த் தடுப்பு ஆய்வுக்காக வீடு வீடாக ஏறி இறங்கிய எனக்கு இதைக் கேட்டுக் கேட்டே காது புளித்துப்போனது.

ஒரு வீட்டில் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. கணவர் துபாயிலிருந்து திரும்பி, அடுத்த விசாவுக்காக ஊரில் காத்திருந்தார். கர்ப்பகாலப் பரிசோதனையில் அவளுக்கு மேகநோய் என்று தெரிந்தது. நர்ஸ் அதை வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொல்லித் தொலைத்தார். பக்கத்திலேயே மாமியார். ஊசி போட்டால் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிவிடலாம். ஆனால் கணவரும் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குத் திரும்பவும் தொற்றும். இதைச் சொல்லத்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"எம் புள்ள மெடிக்கல் பாஸ் பண்ணித்தான் பிளேன் ஏறுனான். இது எங்கேருந்து வந்துச்சுன்னு இவளக் கேளுங்க" என்றார் மாமியார்.

அந்த மெடிக்கல் எடுத்து வருஷக்கணக்காகிறது, அதற்குப் பிறகு என்ன வந்தது என்று அது எப்படிச் சொல்லும் என்றேன். எங்கே போய் முட்டிக்கொள்வது? அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பப் பை தயாராக இருந்தது. கணவர் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்கூட்டியை எடுக்கும்போது அவர் பின்னாலேயே வந்தார்.

"மேடம், அங்க இருக்கையில எனக்கு ஒரு புண்ணு வந்துச்சு. தானா ஆறிருச்சு. ஊசி போட்டுக்கிறேன். வீட்ல மட்டும் சொல்லிறாதீங்க."

"அப்ப ஒங்க சம்சாரம்?"

"ஆய்வுல சொல்றது வெளிய போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது நான்தான். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் அதைத்தான் சொல்வேன்.

மறுநாளே வந்து ஊசி போட்டுக்கொண்டார். கணவன்மார் தானாக வருவது அபூர்வம் என்று எங்கள் டாக்டர் என்னைப் பாராட்டினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அடுத்த வாரம் அவள் இரண்டாவது ஊசிக்கு அம்மா வீட்டிலிருந்து வந்தாள். ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, நீங்களாச்சும் என்னைய நம்புறீங்களா?"

"நம்புறேன்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அனுமதி இல்லை.