பிள்ளைகளை இறக்கிவிடச் சொன்ன அத்தை

பெரியவனே, சின்னவளே,

உங்கள் அத்தை போய் ஒரு வருஷம் ஆகிறது. கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். நான் எழுதாவிட்டால் நன்றாக இருக்காது. ஆறாவதோடு நின்றவன் எழுத்து. மனசும் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. முன்னே பின்னே இருந்தால் இதைப் படிக்கிற சொந்தபந்தங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தை பிறந்தது காவலூருக்குப் பக்கத்தில் மலைமேல் நம் ஊரில். பாதி வளர்ந்தது குடகில். சாமை அறுத்து முடிந்ததும் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரியின் வண்டி வரும். எங்கள் அப்பா அம்மா காபித் தோட்டத்து வேலைக்கு ஏறும்போது எங்களையும் ஏற்றிக்கொள்வார்கள். திரும்பி வந்தால் பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்திருக்கும். அத்தை ஐந்தாம் வகுப்பை ஆரம்பிப்பதும் விடுவதுமாக இருந்து, கடைசியில் விட்டேவிட்டார். ஒடுகத்தூரில் வாழ்க்கைப்பட்டு, மாமா காலமாகி, பிள்ளையில்லாமல் ஊர் திரும்பிய பிறகுதான் தனியாகப் பரீட்சை எழுதி எட்டாவது பாஸ் செய்தார். அந்த வயதில் படிப்பா என்று சிரித்தவர்களை அவர் கண்டுகொள்ளவில்லை.

வேலை கேட்டால் அரசாங்கம் கொடுத்தே ஆக வேண்டும் என்று நூறு நாள் வேலைச் சட்டம் இருக்கிறதல்லவா, அதில் நம் ஊர் வேலைக்கு அத்தை பொறுப்பாளர் ஆனார். குட்டை வெட்டுவது, கல் வரப்பு கட்டுவது எல்லாம் அவர் பார்வையில்தான். ஊரிலேயே வேலை இருந்தால் ஜனங்கள் வண்டி ஏற மாட்டார்கள், பிள்ளைகள் படிப்பு கெடாது. அவருக்கு இருந்த ஒரே எண்ணம் அதுதான்.

போனில் போட்டோ எடுத்து ஏற்றினால்தான் வருகை என்று பிறகு உத்தரவு வந்தது. முதல் நாள் போட்டோ என்றதும் பெண்கள் எல்லாரும் நல்ல புடவை கட்டி, தலைநிறைய பூ வைத்து, மண்வெட்டியை ஓரம் வைத்துவிட்டு நின்றார்கள். பிளாக் ஆபீசிலிருந்து வந்தவர் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, கல்யாண கும்பலா கீது? வேலைக்கு வந்தவங்க எங்க?" என்றார்.

"எங்க ஊருல போட்டோ புடிக்கிறதே கல்யாணத்துக்குத்தான் சார். நாளைக்கு சேத்துல பொரட்டி நிக்க வெக்கிறேன், வந்து பாருங்க" என்றார் அத்தை.

அவரும் சிரித்துவிட்டார். ஆனால் அன்றைய வருகை போனது போனதுதான்.

நம் ஊரில் டவர் எடுக்காது. வேலையிடத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு, மேட்டுப் பாறை ஏறிப் போனை நீட்டிக்கொண்டு நிற்பார். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. ஏறாத நாளுக்குக் கூலி இல்லை. ஒரு வருஷம் மழையில் டவரே படுத்துவிட்டது. ஜனங்கள் அலுத்துப்போய் மேஸ்திரி வண்டியில் ஏறினார்கள். நானும் உங்கள் அம்மாவும் அதில் உட்கார்ந்திருந்தோம். பெரியவன் ஒன்பதாவது, சின்னவள் ஆறாவது. நடுவில் உங்களை இடுக்கிக்கொண்டிருந்தோம்.

அத்தை பாறையிலிருந்து இறங்கி வந்தார்.

"இன்னாக்கா, உன் போட்டோ ஏறுறதுக்குள்ள நாங்க குடகு போய் ஒரு தோட்டமே பறிச்சிட்டு வந்துடுவோம் போலக்கீதே!" என்றார் மேஸ்திரி. வண்டியே சிரித்தது.

"சிரிங்க. போறவங்கள நான் புடிச்சா வெக்க முடியும்? புள்ளைங்கள மட்டும் எறக்கி வுட்டுட்டு போங்க."

"யாரு அண்ணி பாத்துக்குவாங்க? ஒண்ணா ரெண்டா?" என்றாள் உங்கள் அம்மா.

"என் வூடு இன்னா இடிஞ்சா கெடக்குது?"

"சின்னதுங்களும் சேந்து பறிச்சாதானக்கா மூட்டை ரொம்பும்" என்று மேஸ்திரி இழுத்தார்.

"ரொம்பலன்னா நீ குனிஞ்சி பறி. இன்னும் வயிறு அவ்ளோ பெருசாவல."

இந்தத் தடவை வண்டி மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே அத்தை பின்பலகைக் கொக்கியைக் கழற்றிவிட்டார். முதலில் குதித்தவன் நீதான் பெரியவனே. உன் பின்னால் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு அப்பனும் தடுக்கவில்லை. அந்த வருஷம் முதல் ஒவ்வொரு வருஷமும் அறுப்பு முடிந்தால் அத்தை வீடு பிள்ளைகளால் நிறைந்துவிடும்.

நாட்டில் வேலை இல்லை என்று டிவியில் சொல்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும் என்று எனக்கு விளங்கவில்லை. நம் ஊர்ப் பெண்களுக்குத் தையல் பயிற்சி கொடுத்தார்கள், நல்லதுதான். சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, மெஷின் இல்லை. பெரியவனே, நீ ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் கான்ட்ராக்ட் ஆளாக இருக்கிறாய். ஆர்டர் குறைந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். "படிச்சும் வண்டிலதானப்பா ஏறிக்கீறேன், கம்பெனி வண்டி, அவ்ளோதான்" என்று நீ போனில் சொன்னாய். அதை அத்தையிடம் சொன்னேன். மறுநாள் பஸ் ஏறி, வேலைவாய்ப்பு முகாம் எங்கே நடக்கிறது என்று விசாரிக்கப் போய்விட்டார். காய்ச்சல் அப்போதே இருந்திருக்கிறது.

வேலூர் ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோதெல்லாம், "இன்னிக்கி போட்டோ யாரு எடுத்தா?" என்றே கேட்டார். யாரும் எடுக்கவில்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

நட்ட நடு மழையில் அத்தையை மலை இறக்கிய ஜீப்காரத் தம்பிக்கும், ரத்தம் கொடுத்த ஒடுகத்தூர் பிள்ளைகளுக்கும், காரியம் முடியும்வரை கூடவே இருந்த குட்டை வேலைப் பெண்களுக்கும், பள்ளிக்கூட டீச்சருக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடன்பட்டது.

அத்தை போன பிறகு பொறுப்புக்கு இன்னும் ஆள் போடவில்லை. வேலை நின்று கிடக்கிறது. இந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் பிள்ளைகளையும் கூட்டிப் போகிறோம் என்று பலர் பேசிக்கொண்டார்கள். அவரைப் போல வண்டி முன்னால் நின்று பேச எனக்கு வராது.

இன்று வண்டி வரும் நாள். விடியலில் நான் மட்டும் போய் அத்தை வீட்டைத் திறந்தேன். கூட்டி, தண்ணீர் தெளித்து, அடுப்பு மூட்டினேன். எத்தனை பேர் இறங்குவார்கள், இறங்குவார்களா என்றே தெரியாது. பெரிய அண்டாவிலேயே உலை வைத்தேன்.