சலவையறையின் ஒரே நாற்காலி

வெளியே புல்தரையில் ஆங்கிலப் பாட்டுக் குழுவின் டிரம்காரர் குச்சிகளை மூன்று முறை தட்டியதும் பெரியவள் இஸ்திரிப் பெட்டியின் ஆவியை நிறுத்திவிடுவாள். "சூடு ஏறிப்போச்சு, கொஞ்சம் ஆறட்டும்" என்பாள், யாரும் கேட்காமலே. சனிக்கிழமை மாலைகளில், அதுவும் பாட்டு நடக்கும்போது மட்டும்தான் அந்தப் பெட்டிக்குச் சூடு ஏறும்.

விடுதியின் சலவையறையில் பதினோரு வருடமாக நின்றே வேலை பார்க்கிறவள். கெண்டைக்காலில் நரம்புகள் புடைத்துக் கிடக்கின்றன. அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு நாற்காலி, தொலைபேசிக்குப் பக்கத்தில். தங்கியிருப்பவர்கள் மாடியிலிருந்து கூப்பிட்டு, சட்டை எங்கே, கோட்டு எப்போது என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். பதில் சொல்கிறவருக்குத்தான் நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஓய்வுபெறப் போகிறார் என்று தெரிந்த அன்றே பெரியவள் ஒரு தடித்த நோட்டு வாங்கினாள். தினம் பத்துச் சொல், எதிரே அர்த்தம், சிவப்பு மையில் அடிக்கோடு. இப்போது மூன்றாவது நோட்டு நடக்கிறது. எழுதச் சொன்னால் ஒரு தப்பு வராது. தொலைபேசியைக் காதில் வைத்தால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இது போதாதென்று சின்னவள் வந்து சேர்ந்தாள். கொழுந்தனின் மனைவி. வேலை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான்; சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. அவளிடம் நோட்டும் கிடையாது, புத்தகமும் கிடையாது. பாட்டு இடைவேளையில் அந்தக் குழுவின் பாடகிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுபோவாள். கையைக் காலை ஆட்டி, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொண்டு வருவாள். மறுநாள் அது அவள் வாயில் இருக்கும். ஒரே சிக்கல், சொல் வேண்டுமென்றால் பாட்டை முதலிலிருந்து முணுமுணுத்துத்தான் அதுவரை போய்ச் சேர வேண்டும். 'விண்டோ'வுக்கு மழைப் பாட்டு, 'டுமாரோ'வுக்கு ரயில் பாட்டு.

"இது என்ன படிப்பு? ஸ்டேஷன் ஸ்டேஷனா நின்னு போற வண்டி மாதிரி" என்று பெரியவள் சிரிப்பாள். சிரிக்கும்போதே வயிறு எரியும். "பொறாமையா? எனக்கா? அவ எனக்குத் தங்கச்சி மாதிரி" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்கிறாள். பொறாமைதான். சின்னவளின் தோளில் பாடகி கைபோட்டுப் பேசியதைச் சன்னல் வழியே பார்த்த மாலையில், ஒரே தலையணை உறையை நாலு முறை தேய்த்தாள்.

போன வாரம் மேலாளர் இருவரையும் ஆளுக்கொரு நாள் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தார். பெரியவளின் நாளில் தொலைபேசி எட்டு முறை அடித்தது. எட்டு முறையும் "எஸ் சார்" என்பதைத் தாண்டி அவளுக்கு எதுவும் வரவில்லை.

அடுத்த நாள் சின்னவள். மேலாளர் கதவோரம் நின்றிருந்தார். யாரோ தன் கோட்டைக் கேட்டுக் கூப்பிட்டார். கோட்டு பெரியவளின் மேசையில்தான் இருந்தது, ஒரு கை மட்டும் பாக்கி. ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல், வீடு திரும்புகிறவனின் பாட்டில் இருக்கிறது. சின்னவள் முணுமுணுத்தாள். சாலை வந்தது, பாலம் வந்தது, அதற்குமேல் வரவில்லை. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, பாலத்துக்கப்புறம் என்ன வரும்?"

"எனக்கென்ன தெரியும்? நானா பாட்டுக் கேக்கறேன்?"

தெரியும். அந்தச் சொல்லும் இரண்டாவது நோட்டில், சிவப்பு அடிக்கோட்டோடு இருக்கிறது. சும்மா நின்றிருந்தால் போதும், இவளும் தோற்றிருப்பாள், மனசு குளிர்ந்திருக்கும். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பெரியவள் ஆவியை நிறுத்தினாள். நேரே வந்து ரிசீவரைப் பிடுங்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, மேலாளர் பார்க்கப் பார்க்க, பாட்டை முதலிலிருந்து முணுமுணுத்தாள். சாலை. பாலம். வாசல் விளக்கு.

"ஆல்மோஸ்ட் ரெடி சார். ஃபைவ் மினிட்ஸ்."

சொல்லிக்கொண்டே, இடுப்பால் ஓர் இடி இடித்துச் சின்னவளை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.