குறைத்து வைத்த மின்சாரம்

மூளையில் கம்பி வைத்த பிறகு என் கணவருக்குக் கை நடுக்கம் நின்றது. அதற்கு முன்பு அவரால் சட்டைப் பித்தான்கூடப் போட முடியாது. நடந்து வருகிறவர் திடீரென்று நின்றுவிடுவார். பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். போலீஸ் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவரைப் பார்க்கின்சன் நோய் அப்படி ஒடுக்கியிருந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். தலைக்குள் கம்பி, காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் பேட்டரி. அதிலிருந்து போகும் மின்சாரத்தை மருத்துவர் வெளியிலிருந்தே கூட்டிக் குறைப்பார்.

இன்னும் வேகமாக நடக்க வேண்டும் என்று இவர் கேட்க, மின்சாரத்தைக் கூட்டினார்கள். நடை வந்தது. கூடவே எனக்குத் தெரியாத ஒரு ஆளும் வந்தான். தூக்கம் கிடையாது. ஒரு பேச்சை முடிக்கும் முன்னே அடுத்ததற்குத் தாவுவார். குறுக்கே பேசினால் கையில் கிடைத்தது என்மீது பறக்கும்.

சாரல் தொடங்கியதும் குற்றாலம் போயே தீரவேண்டும் என்றார். மெயின் அருவியில் வரிசையை இடித்துக்கொண்டு முன்னே போனார். தடுத்த பெரியவரை ஓங்கி அறைந்தார். ஈரத்துண்டோடு ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான் ஓடிப்போய் எல்லோரையும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். இவர் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கை காலை அசைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே யோசனைக்கும் குணத்துக்குமான இடம் இருக்கும்மா. கரண்ட் அங்கயும் போகுது போல. குறைக்கலாம். ஆனா நடை கொஞ்சம் மட்டுப்படும்" என்றார். இவர் நெடுநேரம் மறுத்துவிட்டு, கடைசியில் அரைமனதாகத் தலையாட்டினார். குறைத்தார்கள். கொஞ்சம் ஏற்றி இறக்க வீட்டுக்கும் ஒரு ரிமோட் தந்தார்கள்.

தென்காசி வீட்டுக்கு வந்து சேர்ந்ததுமே ஆரம்பித்தார். "ஏட்டி, நான் நடக்கது உனக்குப் பொறுக்கலியோ?"

"நீங்க அடிக்கதுதான் பொறுக்கல" என்றேன்.

ஆலங்குளத்திலிருந்து அவருடைய அக்கா வந்தார். "கட்டுன புருசன வெளக்குத் திரி மாதிரி தணிச்சு வச்சிருக்கியே, நீ பொம்பளையா?" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

"உங்க வீட்டுல வச்சுப் பாருங்க, மதினி. ரிமோட்டயும் கொண்டு போங்க."

இவரையும் ரிமோட்டையும் கொண்டு போனார். ஒரு வாரம்கூட ஆகவில்லை. இவரோடு காரில் வந்து இறங்கிய மதினியின் உதடு வீங்கியிருந்தது. ரிமோட்டை என் கையில் வைத்தார். "கொறச்சுட்டேன்" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். எனக்கு இரக்கம் வரவில்லை. சந்தோஷமாகவே இருந்தது.

இப்போது கோபம் தணிந்திருக்கிறது. நடை தளர்ந்துவிட்டது, சொல் கிடைக்காமல் பாதிப் பேச்சில் நிற்கிறார். அந்தப் பாதிப் பேச்சிலும் என்மேல் உள்ள வெறுப்பு மட்டும் தெளிவாக வருகிறது. நேற்று மத்தியானம் சோறு வைக்கும்போது முறைத்துப் பார்த்தார்.

"நீ... எனக்கு... சத்துரு."

"ஆமா. சத்துரு பொங்குன சோத்தைத்தான் சாப்பிடுதிய" என்றேன்.

இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். ஊற்றினேன்.