ஹாஜியார் கடையின் திருந்தாத பிழை

நேசமலர் கொழும்புக்கு வந்தது ஒரு கிழமைக்குத்தான். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் அவள் கம்பியூட்டர் படிப்பித்த ரியூட்டரிக்கு நாலைந்து ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவது என்பது திட்டம். அவள் பம்பலப்பிட்டியில் கடை கடையாக ஏறி விலை பேசிக்கொண்டிருந்த நாட்களில், அந்தப் பக்கத்தில் சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஓகஸ்ட் மாதம். ஹார்ட் டிஸ்க்குகளை அரை விலைக்கு அதே கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் லொட்ஜ் அறை எடுத்தாள்.

அந்த லொட்ஜில் இருந்த எல்லோருக்கும் ஒரே வியாதி. திரும்பிப் போகப் பாதை இல்லை, கொழும்பில் இருக்கக் காரணம் இல்லை. பொலிசுக்கோ காரணம்தான் வேண்டும். வெளிநாடு போக நிற்கிறேன் என்றால் விசாவைக் காட்டு என்பார்கள். வைத்தியத்துக்கு என்றால் துண்டைக் காட்டு என்பார்கள். சும்மா நிற்கிறேன் என்று சொன்னவர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பப்போகிறார்கள் என்ற பேச்சு படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வவுனியா வரை போய் அதற்கு அங்காலே எங்கே போவது என்று ஒருவருக்கும் தெரியாது.

நேசமலருக்கு நாற்பது கழிந்துவிட்டது. கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "கேட்டவங்களுக்குக் கம்பியூட்டர் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலையில் கெட்டிக்காரி. காலி வீதிக்குக் கிட்ட ஸஹாப்தீன் ஹாஜியாரின் பாத்ரூம் சாமான் கடையில் கணக்கைக் கம்பியூட்டருக்கு மாற்ற ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அன்றைக்கே போய் நின்றாள். வாசலில் கொமட்டுகள் வரிசையாக இருந்தன. உள்ளே சுவர் முழுக்கத் தண்ணீர்க் குழாய்கள். அவற்றுக்குப் பின்னால் மேசை, மேசையில் கம்பியூட்டர், அதன் மேல் ஒரு துவாய்.

"புரோகிராம் வாங்க எவ்வளவு முடியும்?" என்று ஹாஜியார் கேட்டார்.

"சல்லி ஒண்டும் வேண்டாம் ஹாஜியார். இது சும்மா குடுக்கிற சாமான்."

ஹாஜியார் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். சும்மா கொடுக்கிற சாமானை அவர் வாழ்நாளில் விற்றதுமில்லை, வாங்கினதுமில்லை. நேசமலர் விளக்கிச் சொன்னாள். உலகத்தில் அங்கங்கே இருக்கிற சில நல்ல மனிசர் சேர்ந்து இந்தக் கணக்குப் புரோகிராமை எழுதுகிறார்கள். எழுதின மூலத்தையே ஊருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். யாரும் திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தலாம். ஒரேயொரு கஷ்டம், அதைத் தன் கம்பியூட்டரில் தானே கட்டி எழுப்பவேண்டும். அந்தப் புரோகிராமின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எழுதினவர்கள் நல்லவர்கள், இந்தக் கதையால் அவர்களுக்குக் கெட்ட பெயர் வரவேண்டாம்.

கட்டி எழுப்புவது என்பது லேசான காரியமில்லை. அது ஒரு துணைக்கோப்பைக் கேட்கும். அந்தத் துணைக்கோப்பு இன்னொன்றைக் கேட்கும். அந்த இன்னொன்று, இந்த வருடத்துப் பதிப்புத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். பொலிஸ் பதிவுக்கு வீட்டுக்காரரின் கடிதம், அந்தக் கடிதத்துக்கு அடையாள அட்டைப் பிரதி, அதற்குக் கிராமசேவகரின் ஒப்பம் என்று அலைந்து பழகியவளுக்கு இதெல்லாம் புதுமையாகத் தெரியவில்லை. நெற் கபேயில் இறக்குவதும், பென் டிரைவில் கொண்டுவருவதும், பிழைச் செய்தியை வாசித்துவிட்டு "உனக்கு என்னடா இப்ப வேணும்?" என்று திரையோடு கதைப்பதுமாக ஒரு கிழமை போனது. கடைசியில் புரோகிராம் எழும்பி நின்றது.

எழும்பின கையோடு விழுந்தும் போனது. புதுக்கணக்கு என்றால் பிள்ளையார் சுழி போடாமல் தொடங்குகிற பழக்கம் நேசமலரின் பரம்பரையிலேயே இல்லை. முதல் பெட்டிக்குள் பக்தியோடு ஒரு "உ" போட்டாள். தமிழ் எழுத்தைக் கண்டறியாத புரோகிராம் அப்படியே மூர்ச்சையாகிவிட்டது. ஹாஜியாரின் மகள் பைறோஸா, கணக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் குழாய் ஒன்றைத் தட்டி விழுத்தினாள். நேசமலர் நெற் கபேக்குப் போய், புரோகிராம் எழுதுகிறவர்களின் மடல் குழுவுக்கு அந்தப் பிழையை ஒழுங்காக எழுதிப் போட்டாள். அடுத்த நாளே பதில் வந்திருந்தது. ஒஸ்லோவில் இருக்கிற ஓலாவ் என்பவன் பிழையைத் திருத்தி, நன்றியும் சொல்லியிருந்தான்.

இதற்கிடையில் அவள் கொழும்பில் நிற்கக் காரணம் காட்டிப் பொலிசுக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. ஹாஜியார் தாடியைத் தடவி யோசித்தார்.

"கடிதம் தாரதுக்கு என்ன டீச்சர். ஆனா நான் ஹஜ்ஜுக்குப் போய் வந்த மனிசன். பொய் எழுத மாட்டன். கடையில கணக்கு எழுத ஆள் இல்லண்டு எழுத ஏலா. மகள் ஈக்காளே."

"அப்ப உண்மையை எழுதுங்கோ. கம்பியூட்டர்க் கணக்கில பிழை இருக்கு, அதைத் திருத்த என்னை விட்டா ஆளில்லை எண்டு."

"பிழை ஈக்கா?"

"ஓம் ஹாஜியார். இருக்கு."

"அப்ப சரி" என்று ஹாஜியார் ஒப்பமிட்டு, கடை முத்திரையும் குத்தினார். கடிதம் ஒரு மாதத்துக்குச் செல்லும். ஒவ்வொரு மாத முடிவிலும் அதே கேள்வி, அதே பதில், அதே முத்திரை. அந்தக் கேள்வியை மட்டும் ஹாஜியார் ஒருநாளும் விட்டுவிடவில்லை.

ஆகவே நேசமலருக்குப் பிழை வேண்டும். தட்டுப்பாடில்லாமல் வேண்டும். ரூபாயோடு சதம் சேராத பிழை ஒன்று அகப்பட்டது. பழக்கத் தோஷத்தில் குழுவுக்கு எழுதினாள், ஓலாவ் திருத்திவிட்டான். அச்சடிக்கும்போது பக்கத்தின் அடிவரி காணாமல் போகிற பிழை வந்தது. அதையும் எழுதினாள், அதையும் அவன் விட்டுவைக்கவில்லை. அந்தக் காலத்தில் நோர்வேக்காரர் இந்த நாட்டுச் சண்டையைத் தீர்க்கிறோம் என்று வந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒஸ்லோவில் இருந்த இந்த ஒருவன் மட்டும் நேசமலரின் காரியத்தில் எல்லாவற்றையும் உடனுக்குடன் தீர்த்துவைத்துக்கொண்டிருந்தான். "இவனுக்கு வீடு வாசல் இல்லையோ? பெண்சாதி சோறு போடுறதில்லையோ?" என்று அவள் பல்லைக் கடித்தாள்.

அப்போதுதான் பொக்கிஷம் கிடைத்தது. மாதம் பிறந்து புதுக்கணக்கு திறக்கும் காலையில், ஹாஜியார் மேசைக்கு வந்து, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, முதல் வரியில் ஒற்றை விரலால் 786 என்று தட்டிவிட்டுப் போவார். பழைய கணக்குக் கொப்பிகளில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அவர் எழுதி வந்த எண் அது. அல்லாஹ்வின் பெயரால் தொடங்குகிறேன் என்பதற்கு அடையாளம். கொப்பி அதை அடையாளமாக வைத்துக்கொண்டது. புரோகிராமுக்கு அவ்வளவு புத்தி இல்லை. யார் கொடுத்தது, எந்தக் கணக்குக்கு என்று ஒன்றும் கேட்காமல் ஒற்றைப் பக்கத்துத் தொகையாக விழுங்கிவிட்டது. மாத முடிவில் பரீட்சை மீதி எடுத்தால் இரண்டு பக்கமும் சமப்பட வேண்டும். சமப்படாது. வித்தியாசம் 786 ரூபா.

பிள்ளையார் சுழி போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவளுக்கு இது எங்கேயிருந்து வந்ததென்று பார்த்த உடனே விளங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஓலாவுக்கும் எழுதவில்லை. பைறோஸாவோடு சேர்ந்து தானும் மோவாயில் கைவைத்து, "எங்கையிருந்து வருகுது இந்தப் பேய்?" என்று அதிசயப்பட்டாள். ஹாஜியார் இருவரையும் பார்த்துவிட்டு, குழாய்களுக்குத் தூசி தட்டப் போய்விட்டார். இப்படியே மாதங்கள் ஓடின. லொட்ஜில் இருந்து சிலர் போனார்கள், சிலரைக் கொண்டுபோனார்கள். நேசமலரின் கடிதம் மட்டும் மாதாமாதம் புதிதாக இருந்தது.

அவளைக் கெடுத்தது பொலிசில்லை, புகழ்ச்சி. ஒருநாள் ஓலாவ் தானாகவே எழுதினான். ஒற்றைப் பக்கத்துத் தொகையைப் புரோகிராம் ஏற்றுக்கொள்கிறது என்று பிரேசிலில் ஒருவர் முறையிட்டிருக்கிறாராம். அதற்கு ஒரு திருத்தம் எழுதியிருக்கிறானாம். இந்தக் குழுவிலேயே மிகக் கவனமாகப் பிழை பார்க்கிறவர் கொழும்பிலிருக்கிற நேசமலர்தான், அவர் சோதித்துச் சொன்னால்தான் தனக்கு நிம்மதி என்று முடித்திருந்தான். அவளை இப்படி ஒருவரும் சொன்னதில்லை. ரியூட்டரி முதலாளிகூடச் சொன்னதில்லை. நெற் கபேயில் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, திருத்தத்தை பென் டிரைவில் இறக்கினாள்.

கடையில் அதைக் கட்டப் பார்த்தாள், விழுந்தது. துணைக்கோப்புப் பழையது என்றது. புதியதைக் கொண்டுவந்தாள். இப்போது மற்றது பழையது என்றது. நடுவில் கரண்ட் போனது. சாப்பாடு மறந்தது, கோபம் வந்தது, பிறகு ஒரு வைராக்கியம் வந்து தலைக்கு ஏறிக்கொண்டது. அந்த நாட்களில் அவளுக்குப் பொலிசும் நினைவில்லை, வவுனியாவும் நினைவில்லை. ஒரு பிற்பகல், பிழைச் செய்தி ஒன்றுமே இல்லாமல் வரிகள் ஓடி முடிந்தன. மாதக் கணக்கைப் புதுப் பதிப்பில் திறந்தாள். புரோகிராம் 786 ஐ மரியாதையாக வெளியே தள்ளி, இதற்கு மறுபக்கம் எங்கே என்று கேட்டது. வித்தியாசம் சைபர்.

"சமப்பட்டிட்டுது!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். குழாய் வாங்க வந்த ஒரு கிழவர் திடுக்கிட்டு எழும்பி நின்றார்.

ஹாஜியார் வந்து திரையைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ். அப்ப பிழை இல்லையா டீச்சர்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சந்தோஷத்தில் திறந்த வாயை மூடவும் முடியாமல், "இல்லை ஹாஜியார்" என்றாள். சொன்ன சொல் அவள் காதிலேயே அந்நியமாகக் கேட்டது. அவர் அஸர் தொழுகைக்குப் போய்விட்டார். நேசமலர் லொட்ஜுக்கு வந்து பையைக் கட்டினாள். தன் தலையிலேயே நாலு குட்டுக் குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது. இவ்வளவு நாளும் பொத்திப் பொத்தி வளர்த்த பிழையைத் தன் கையாலேயே கொன்றுவிட்டாளே!

அடுத்த நாள் காலை அவள் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று கடைக்கு வந்தால், வாசலில் பொலிஸ் ஜீப் நிற்கிறது. இத்தனை மாதமாகத் திருந்தாத பிழை என்ன பிழை என்று நேரில் பார்க்க ஒரு சார்ஜன் வந்திருந்தார். களைத்துப்போன மனிதர், கண்ட முதல் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "மாத்தயா, ஏக்க விக்குணன்ன தியென ஏக்கக்" என்று ஹாஜியார் பணிவாகச் சொன்னார். விற்பனைக்கு வைத்த கொமட்டிலிருந்து சார்ஜன் துள்ளி எழும்பினார். பைறோஸா சிரிப்பை அடக்க முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டாள். நேசமலருக்குச் சிரிக்கிற நிலையில்லை.

சார்ஜன் சிங்களத்தில் கேட்டார், "எங்கே பிழை? காட்டு."

அவள் மேசையில் உட்கார்ந்தாள். புரோகிராமைத் திறந்து, பரீட்சை மீதி எடுத்தாள். சைபர் வரப்போகிறது, அதோடு தன் கொழும்பு வாழ்க்கையும் முடியப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடினாள்.

"மொக்கத மே ஹத்சிய அசூ ஹய?" என்ற சார்ஜனின் குரல் கேட்டது. இது என்ன எழுநூற்று எண்பத்தாறு?

கண்ணைத் திறந்தாள். வித்தியாசம் 786 என்று சிவப்பில் நின்றது. மேல் மூலையில் பதிப்பு எண்ணைப் பார்த்தாள். பழைய பதிப்பு. நேற்று அவள் கட்டினது அங்கே இல்லை. மெல்லத் திரும்பினாள். ஹாஜியார் ஒரு குழாயை மிகக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதுதான் பிழை மாத்தயா" என்று நேசமலர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். "எங்கிருந்து வருகிறதென்று இன்னும் தேடுகிறேன்." சார்ஜன் திரையை ஒருதரம், அவளை ஒருதரம் பார்த்தார். கணக்கென்றால் அவருக்கும் சின்ன வயதில் இருந்தே தலையிடியாம். கடிதத்தில் குறிப்பெழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு குழாயின் விலையையும் விசாரித்துவிட்டுப் போனார்.

ஜீப் போனதும் நேசமலர் எழும்பினாள். "பழைய புரோகிராமை ஆர் திரும்பப் போட்டது?"

"வாப்பா சென்னாங்க" என்றாள் பைறோஸா. "நான்தான் மாத்தினேன்."

ஹாஜியார் குழாயைச் சுவரில் மாட்டினார். "நாப்பது வருஷமாக் கணக்குப் பாக்கிறன் டீச்சர். நான் போட்ட 786 எங்க போய் நிக்கிதுண்டு எனக்குத் தெரியாதா? முதல் மாசமே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ மாதாமாதம் பிழை ஈக்கா எண்டு கேட்டனீங்கள்?"

"கேக்காம எப்பிடி ஒப்பம் வைக்கிற? பிழை ஈக்குண்டு கடிதம் எழுதினா, பிழை ஈக்கணும். நான் பொய் எழுதுற மனிசன் இல்லண்டு சென்னனே."

நேசமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பியூட்டரில் தூசி என்று சொன்னாள்.

ஓலாவுக்கு அவள் உண்மையை எழுதினாள். திருத்தம் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் இங்கே ஒரு கடையில் பழைய பதிப்பைத்தான் விரும்புகிறார்கள் என்றாள். ஏன் என்று அவன் கேட்டான். உள்ளூர் வழக்கம் என்று பதில் போட்டாள். அந்த ஒரு பிழை மட்டும் ஒஸ்லோவுக்கு எட்டவில்லை.

அடுத்த மாதம் பிறந்த காலையில் ஹாஜியாருக்குக் காய்ச்சல், கடைக்கு வரவில்லை. புதுக்கணக்கு வெறுமையாகத் திறந்து கிடந்தது. நேசமலர் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிஸ்மில்லாஹ் சொல்ல அவளுக்கு வாய் கூசியது. "பிள்ளையாரே" என்று சொல்லிக்கொண்டு, முதல் வரியில் ஒற்றை விரலால் 786 ஐத் தட்டினாள்.