மருந்தடிக்காத பருத்தி

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பேருந்து, காணிப்பாக்கம் பிரிவைத் தாண்டியதும் பஞ்சராகி நிற்கிறது. இறங்கி நிற்கிறோம். சாலையோரம் பருத்திக் கொல்லை. பெண்கள் இடுப்பில் மடி கட்டிக்கொண்டு பஞ்சு எடுக்கிறார்கள். புங்க மரத்தடியில், பழைய புடவைமேல் குவித்திருக்கும் பஞ்சைப் பார்த்ததும் என் மகள் கையிலிருந்து எம்புகிறாள். இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

"வுடும்மா, வெளாடட்டும்," என்கிறாள் அருகே பஞ்சு எடுக்கும் பெண்.

"மருந்து அடிச்சிருப்பீங்களேக்கா?"

"அத்த வுட்டு மூணு வருசமாவுது. வேப்பங்கொட்டைய இடிச்சி ஊறவெச்சித் தெளிக்கிறோம். ஊட்டுக்காரரு பெங்களூர்ல கொத்து வேலை. கொல்லையில இன்னா செய்யறதுன்னு நாங்க பொம்பளைங்களே கூடிப் பேசிக்கிறோம். பூச்சி வந்துச்சான்னு போன்ல கேக்கறாரு. பூச்சி வந்துகினுதான் கீது, நீதான் வர்லன்னு சொன்னேன்."

மற்ற பெண்கள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

என் அம்மாவும் பருத்திக் கொல்லைக்குக் கூலிக்குப் போனவள்தான். மருந்தடித்த நாள்களில், "கிட்ட வராதே" என்று சொல்லிவிட்டு நேரே குளிக்கப் போவாள். ஓலைத் தட்டிக்கு வெளியே, தண்ணீர்ச் சத்தம் ஓயக் காத்திருப்பேன். ஈரக் கையோடு அள்ளிக்கொள்ளும்போது சோப்பையும் மீறி மருந்து நெடி வரும். எனக்கு அதுதான் அம்மாவின் வாசனை.

கிளையில் கட்டிய தூளியில் அந்தப் பெண்ணின் குழந்தை அழுகிறது. அவள் மடியை அவிழ்த்து வைத்துவிட்டு வந்து, கைகூடக் கழுவாமல் அதைத் தூக்கிப் பால் கொடுக்கிறாள்.

நான் என் மகளைப் பஞ்சில் இறக்கிவிடுகிறேன். கழுவிவிடத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையிலேயே வைத்திருக்கிறேன். நடத்துநர் கூப்பிடும்வரை அது தேவைப்படவில்லை.